இரண்டாவது காது

“ஏழாவது நிறுத்தத்துல அங்கிள், இடது பக்கம் அந்த நாணலடியில. நேத்து சாயங்காலம் தனியா வந்து நின்னு ரெண்டு தடவை கேட்டேன். இன்னிக்கு நீங்களும் கேட்டுட்டீங்கன்னா லிஸ்ட்டுல ஏறிரும்” என்று நஸ்ரீன் பூங்கா வாசலிலேயே சொல்லிவிட்டாள். ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தி அவள் சொன்னதில் பாதிதான் குழந்தைவேலுவின் காதில் விழுந்தது. மீதியை உதட்டசைவைப் பார்த்து ஒப்பேற்றிக்கொண்டார். ஒப்பேற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, மூன்று வருடப் பழக்கம். “ஆகட்டுங்க அம்மணி” என்று தலையை வேறு பலமாக ஆட்டிவைத்தார்.  வெள்ளக்குளம் இயற்கைப் பூங்காவில் பறவை பார்க்கும் இந்தக் குழு ஞாயிறு தவறாமல் கூடத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. அந்தப் பதினாறு வருடமும் மாறாத சட்டம் ஒன்று உண்டு. கண்ணால் பார்த்த பறவையை ஒரே ஆள் சொன்னாலும் பட்டியலில் எழுதலாம். பார்க்காமல் குரல் மட்டும் கேட்டது என்றால் இரண்டு பேர் கேட்டிருக்க வேண்டும், ஒரு காதை நம்பி எழுதுவதில்லை. நஸ்ரீன் சொன்ன குருவியோ முகம் காட்டுகிற ஜாதியே இல்லை. நாணலின் அடியில் எலி மாதிரி ஓடும், வெட்டுக்கிளி மாதிரி, ஆனால் விடாமல் ஒரே இழுப்பாகக் கிர்ர்ரென்று இழுக்கும், குளிருக்கு வந்துவிட்டுப் பங்குனி வெயில் ஏறும் முன் ஊரைப் பார்க்கப் போய்விடும். அந்தக் கதிர்க்குருவியை இந்தக் குளத்தில் இதுவரை யாரும் எழுதியதில்லை. முதல் ஆளாக நஸ்ரீன் கேட்டிருக்கிறாள், அவளுக்கு வேண்டியது இரண்டாவது காது. குழுவில் யாரைக் கேட்டாலும் இரண்டாவது காது யார் என்று சொல்வார்கள். அது குழந்தைவேலுதான். அந்த இரண்டாவது காது மூன்று வருடமாகச் செவிடு என்பது குழந்தைவேலுவைத் தவிர யாருக்கும் தெரியாது, அவருடைய மனைவி ருக்மணியைச் சேர்க்காவிட்டால்.

முழுச் செவிடு என்று சொன்னால் அதுவும் பொய். கனத்த சத்தம் எல்லாம் நன்றாகவே கேட்டது. முதல் நிறுத்தத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில், பன்னிரண்டு பேரும் வழக்கம்போல் வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, இமை திறக்கக் கூடாது, கைப்பேசி உயிரோடு இருக்கக் கூடாது. செம்போத்து ஊப் ஊப் என்று கூப்பிட்டது, குழந்தைவேலுவுக்கு அப்படியே அதைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன தொண்டை, என்ன கனம், காலிக் குடத்துக்குள் வாயை வைத்துக் கூப்பிடுகிற மாதிரி! செம்போத்துக்கு நன்றி, புறாவுக்கு நன்றி, மேலே எங்கேயோ தட்டிக்கொண்டிருக்கும் குக்குறுவானுக்கு நன்றி, காகத்துக்குத் தனியாக ஒரு நன்றி. இவர்கள் எல்லாம் அவரைக் கைவிடவில்லை. கைவிட்டவர்கள் மெல்லிசுக் குரல்காரர்கள். தேன்சிட்டு முதலில் போனது, அப்புறம் மீன்கொத்தியின் சீட்டி, அப்புறம் வெள்ளைக்கண்ணியின் சலசலப்பு. மரத்தில் குருவிகள் இருக்கின்றன, வாய் திறந்து மூடுகிறது, சத்தத்தை மட்டும் யாரோ துடைத்து எடுத்துவிட்டார்கள். கொசு கூட அப்படித்தான். காதோரம் வந்து பாடுவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது, கடிப்பதை நிறுத்தவில்லை. ருக்மணி பக்கத்தில் படுத்துப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்குவார். அதுவும் ஒரு கொடுப்பினைதான், வேண்டாம் என்று சொல்வானேன்? “என்னென்ன கேட்டீங்க?” என்று வசுமதி டீச்சர் பென்சிலை எடுத்தபோது குழந்தைவேலு முந்திக்கொண்டு “செம்போத்துங்க” என்றார். கேட்டதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உரக்கவே வரும். வசுமதி டீச்சர் அரசுப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவர், பட்டியல் எழுதுவது அவர் பொறுப்பு. கடைசி பெஞ்சுக்காகப் பழகிய அவர் குரலில் ஒரு எழுத்து கூட இவருக்குத் தப்பியதில்லை. அதற்கும் ஒரு நன்றி சொல்லித்தான் ஆகவேண்டும்.

கல் பதித்த பாதையில் மற்றவர்கள் நடக்க, குழந்தைவேலுவும் கூட நடந்தார். சிமெண்டில் செய்து ரோஸ் பெயிண்ட் அடித்த பூநாரைகள் மூன்று, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றன. உயிருள்ள பூநாரை ஒன்றுகூட இந்தக் குளத்தை எட்டிப் பார்த்ததில்லை, ஆனாலும் மாநகராட்சிக்கு நம்பிக்கை ஜாஸ்தி. முன்னால் போகிற பல் டாக்டர் ரகோத்தமன் கேமராவைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார். குழந்தைவேலுவின் கழுத்தில் தொங்குகிற பைனாகுலர் அந்த டாக்டருடையது. “என்கிட்ட ரெண்டு இருக்குதுங்க, ஒண்ணு சும்மா பூஞ்சை புடிச்சுட்டுக் கெடக்குது” என்று கொடுத்தார். பூஞ்சையும் இல்லை ஒன்றும் இல்லை. வாங்குகிற கை தாழ்வாகத் தெரியக் கூடாது என்று அந்த மனிதர் சொன்ன பொய் அது. பொய்யில் இப்படியும் ஒரு ரகம் இருக்கிறதே என்று நினைத்தபோது, தன்னுடைய பொய் எந்த ரகம் என்ற கேள்வி வந்து முள்ளாகத் தைத்தது. அந்தப் பக்கம் நினைப்பைத் திருப்பக் கூடாது என்று, வேலை பார்த்த பஞ்சு மில்லை நினைத்தார். மில்லை நினைத்தாலும் கடைசியில் காதுக்கே வந்து சேரும், எப்படிச் சுற்றினாலும் தப்பவில்லை. முப்பத்தொரு வருடம் ஸ்பின்னிங்கில் ஃபிட்டர். ஒரு ஃபிரேமில் நூல் முறுக்குகிற ஸ்பிண்டில் நானூற்றுச் சொச்சம் சுற்றும், அப்படி வரிசை வரிசையாக ஃபிரேம்கள், பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசக் கை ஜாடைதான். அந்த இரைச்சலுக்குள் எண்ணெய் வற்றிய ஒரே ஒரு ஸ்பிண்டில் எங்கே அழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அடியில் வைப்பார், பிடியைக் காதோடு ஒட்டுவார். “இதில்லை, இதில்லை, அடுத்தது, இதுதான்.” சூப்பர்வைசர் வேறு யாரையும் அனுப்ப மாட்டார், “வேலுவைக் கூப்பிடு” என்பார். மில்லை மூடிய அன்று அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டின் அமைதி தாங்காமல் இந்தக் கரையில் நடக்க வந்தவர், ஒரு புதரைச் சுற்றி நின்று எட்டுப் பேர் தர்க்கம் செய்வதைப் பார்த்தார். உள்ளே கத்துவது ஒரு தையல்சிட்டா இரண்டா என்று பேச்சு. வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாம். “ஒண்ணு இல்லீங்க, ரெண்டு. கூப்பிடறது இடது பக்கத்துது, பதில் சொல்றது வேலியோரம். அதுக்குத் தொண்டை சித்தே வறண்டிருக்குதுங்க” என்றுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் புதரிலிருந்து இரண்டும் வெளியே வந்தன. வசுமதி டீச்சர் இவர் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. “அடுத்த ஞாயித்துக்கெழமை வருவீங்களா?” என்று கேட்டார். முப்பத்தொரு வருடத்தில் மில்லில் யாரும் அவரை வருவீர்களா என்று கேட்டதில்லை, வரவில்லை என்றால்தான் கேட்பார்கள்.

ஆக, காதைக் கொடுத்துத்தான் இந்த மனிதர்களைப் பெற்றார். பேராசிரியர்களும் டாக்டர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் இருக்கிற கூட்டத்தில் பத்தாம் வகுப்பில் நின்றுபோன ஒரு ஃபிட்டருக்கு என்ன இடம்? புத்தகத்தில் இருக்கிற லத்தீன் பேர் அவர் வாயில் நுழையாது. காது இருந்தது, அதனால் இடமும் இருந்தது. இப்போது காது இல்லை என்றால்? இந்தக் கணக்கைத்தான் அவர் மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரே விடைதான் வருகிறது. மூன்றாவது நிறுத்தம் வந்தது, நாலாவது வந்தது, தாழைக்கோழி கொக்கரித்தது, அதற்கும் நன்றி. கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடி அறை வருகிறது. காது ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி மாதிரி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் ஒரு பெண். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் பூம் பூம் என்று வந்தது, அழுத்தினார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராமல் எவ்வளவு நேரம் ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தோள் லேசாக அசைவதைக் கவனித்தார், தோள் அசைந்தால் சத்தம் விடுகிறாள் என்று பிடித்துக்கொண்டு அழுத்தத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அவள் கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தாள். “ஐயா, நான் இப்ப சத்தமே விடலீங்க. பேனா கீழ விழுந்துருச்சு, குனிஞ்சு எடுத்தேன்” என்றாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காகிதத்தில் கோடு பாதிவரை நேராக வந்து அதற்கப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்திருந்தது. மில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, பஞ்சாலையில் ஆயுசைக் கழித்தவர் காதில் இத்துனூண்டு பஞ்சை வைத்துக்கொள்ள மறந்துவிட்டார். மெஷின் வைத்தால் பேச்சு தெளிவாகும், அந்த மேல் கோடி மெல்லிசுச் சத்தம் திரும்பி வராது என்றாள். போதாததற்குக் காதுக்குள் ஒரு சில்வண்டு வேறு குடியேறியிருந்தது. கிர்ர்ர் என்று, ராத்திரி பகல் பாராமல், நிறுத்தமே இல்லாமல். அதுவும் இந்த நோயில் சேர்ந்ததுதான், பழகிவிடும் என்றாள். பழகிவிட்டது.

முதல் பொய்யைச் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. “மலர்கொத்தி கேட்டுச்சுங்களா வேலுண்ணா?” என்று டீச்சர் கேட்டார், அவர் முகத்தில் அவ்வளவு நிச்சயம் இருந்தது, “ஆமாங்க” என்றார். அவ்வளவுதான். ஒரு ஆமா, இரண்டு ஆமா, அப்புறம் எண்ணிக்கை தெரியவில்லை. முகங்களைப் படிக்கப் பழகினார், யார் நம்பகமான காது, யார் ஆசைக்குக் கேட்கிறவர் என்று பிரித்துவைத்துக்கொண்டு ஆமா போட்டார். ஆனாலும் எத்தனை ஆமா தப்போ? பறவை இல்லாத நாளில் பறவை இருந்ததாக ஒரு வரி. பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்தப் பட்டியலைப் புரட்டி, இந்த வருடம் வந்தது, அந்த வருடம் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளப்போகிறார், அதில் குழந்தைவேலு போட்ட குப்பை கலந்திருக்கும். ராத்திரி சில்வண்டு கத்தும்போது இதுதான் வந்து நெஞ்சில் உட்காரும். ருக்மணிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது இதே குழுவில் மூன்று பேர் ரத்தம் கொடுத்தார்கள். டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் வீட்டிலிருந்து ரசமும் சாதமும் வந்தது. அந்த ரத்தம் ருக்மணிக்குள் ஓடுகிறது, அந்தச் சாதத்தைத் தின்ற வாய் இவர்களிடமே ஆமா ஆமா என்று அளக்கிறது. சொல்லிவிடலாம் என்று கிளம்பாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கூட ருக்மணியிடம் ஒப்பித்துக் காட்டினார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே “சொன்னா என்னங்க பண்ணுவாங்க, அடிச்சா தொரத்தீருவாங்க?” என்றாள். துரத்த மாட்டார்கள், அதுதான் பயமே. தொடர்ந்து வரச் சொல்வார்கள். கனிவாகப் பேசுவார்கள், உட்காரப் பெஞ்சைக் காட்டுவார்கள், ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொள்ளக் கொடுப்பார்கள். யாரும் எதுவும் கேட்காத ஒரு ஆளாக இந்தப் பாதையில் கூட நடந்து வர வேண்டும். ஐந்தாவது நிறுத்தமும் ஆறாவது நிறுத்தமும் எப்போது கழிந்தன என்றே தெரியவில்லை.

நாணல் வந்துவிட்டது. ஏழாவது நிறுத்தம். மரப்பலகைப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நின்றார்கள். நஸ்ரீன் எதிரில் நின்றாள், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். பரீட்சைக்குப் போகும் பிள்ளை சாமி படத்தைப் பார்க்கிற சிரிப்பு அது. இந்தப் பெண் குழுவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, பேங்கில் வேலை, வாரத்தில் கிடைக்கிற ஒரே விடிகாலையை இங்கே கொண்டுவந்து கொடுக்கிறாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவர் பக்கத்தில் நின்று, “எப்பிடி அங்கிள் கேக்கறது?” என்று கேட்டுக் கேட்டுப் பழகினாள். தொலைவுச் சத்தத்தைக் கேட்க வாயை லேசாகத் திறந்து வைக்கணும், மூச்சை விட்டு முடிச்ச எடத்துல கேக்கணும் என்றெல்லாம் இவர் சொல்லிக்கொடுத்தார், தனக்கு எதுவும் கேட்காத காலத்தில். அதையும் அந்தப் பிள்ளை நம்பிச் செய்தாள். செய்து, பதினாறு வருடத்தில் யாருக்கும் கேட்காத குருவியைக் கேட்டுவிட்டாள். “ஆரம்பிக்கலாங்களா?” என்றார் டீச்சர். எல்லோரும் கண்ணை மூடினார்கள், குழந்தைவேலுவும் மூடினார். வெயில் இமைக்கு மேல் சிவப்பாக உட்கார்ந்தது. சேற்று வாடை, யாருடைய பையிலிருந்தோ எலுமிச்சைச் சாத வாடை. அப்புறம் கிர்ர்ர்ர். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்கிறது! கிர்ர்ர் என்று, நாணல் பக்கமிருந்து, இடது பக்கமாக, மெல்லிசாக, நஸ்ரீன் சொன்ன அதே மாதிரி. இல்லை, இது சில்வண்டு. இல்லை, சில்வண்டு இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. நேற்று இருந்ததே? நேற்று யார் கவனித்தார்கள்? குருவியாகவே இருந்தால்? இத்தனை வருடம் எத்தனை ஸ்பிண்டிலைக் கேட்ட காது, கடைசியாக ஒரு தடவை பிழைத்து எழுந்து கேட்கக் கூடாதா? கேட்டது என்று சொன்னால் அது பொய்கூட ஆகாது, கேட்கிறதே, கிர்ர்ரென்று இதோ கேட்டுக்கொண்டிருக்கிறதே. அந்தப் பெண்ணுக்கு அவள் குருவி கிடைத்துவிடும், இவருக்கு இவர் இடம் கிடைத்துவிடும், யாருக்கு என்ன நஷ்டம்? இந்த இடத்தில் மனசு நின்று நின்று சுற்றியது, வாய் ஆமாவுக்குத் தயாராகிவிட்டது. கைகள் மட்டும் என்ன நினைத்தனவோ, பழைய ஃபிட்டர் கைகள், சந்தேகம் வந்தால் சோதிக்காமல் விடாத கைகள், மெதுவாகக் கைப்பிடியை விட்டு மேலே வந்து இரண்டு காதையும் பொத்தின. தூரத்துச் செம்போத்தின் குரல் நின்றது. மரப்பாலத்தின் கிறீச் நின்றது. உலகம் முழுக்க நின்றது. கிர்ர்ர் மட்டும் நிற்கவில்லை. முன்னைவிட நன்றாகக் கேட்டது. அவர் கையை எடுத்தார். இடது பக்கமும் இல்லை குருவியும் இல்லை, எல்லாம் தலைக்குள்தான். அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. மாறாக என்னவோ லேசாகிவிட்டது, ரொம்ப நாள் தூக்கிச் சுமந்த சாமானைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே தோள் தெரிந்துகொண்ட மாதிரி.

“என்னென்ன கேட்டீங்க?” என்றார் டீச்சர், பென்சிலை எடுத்துக்கொண்டு.

“டீச்சர், வெட்டுக்கிளி மாதிரி கத்துற கதிர்க்குருவி! மூணு தடவை கேட்டுச்சு!” நஸ்ரீனுக்கு மூச்சு வாங்கியது. “அங்கிள், உங்களுக்கும் கேட்டுச்சுதானே?”

“மத்தவங்க யாருக்காச்சும்?” என்றார் டீச்சர். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார், அவர் நாமக்கோழியைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு அந்தச் சத்தம் புல்லில் இருக்கும் பூச்சியோடு பூச்சியாகப் போயிருக்கும். எல்லா முகமும் குழந்தைவேலு பக்கம் திரும்பியது.

“எனக்குக் கேக்கலீங்க அம்மணி” என்றார்.

நஸ்ரீனின் முகம் சட்டென்று வாடியது. அந்த முகத்தைப் பார்த்தபடி அவரால் நிறுத்த முடியவில்லை. “நீ சொன்ன குருவி இருக்கும். நீ கேட்டிருப்பே. எனக்குத்தான் கேக்காது. இன்னிக்குன்னு இல்ல, மூணு வருஷமா மெல்லிசா வர்ற எதுவும் எனக்குக் கேக்கறதில்லைங்க. தேன்சிட்டு, மீங்கொத்தி, எதுவும். எல்லாத்துக்கும் ஆமா போட்டுட்டு வந்துட்டேன். டீச்சர், உங்க லிஸ்ட்டையெல்லாம் நாங் கெடுத்துப்போட்டேன்.”

 டாக்டர் கேமராவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். வசுமதி டீச்சர் அட்டையில் செருகியிருந்த தாளைப் பார்த்தபடியே, “லிஸ்ட்டு கெடலீங்க வேலுண்ணா” என்றார்.

“இல்லீங், நாஞ் சொல்றது...”

“தெரியுமுங்க. மூணு வருஷமாத் தெரியும்.” டீச்சர் தலையை நிமிர்த்தினார். “ஒரு நாளு டாக்டரோட புது ஷூ கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம் போட்டுட்டே வந்துச்சு, ஞாபகம் இருக்குதுங்களா? நாங் கேலிக்கு, ‘மீங்கொத்தி கேட்டுச்சுங்களா வேலுண்ணா’ன்னேன். நீங்க பொறுப்பா ஆமாங்கன்னீங்க. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் நீங்க ஆமான்னா, நடந்து போறப்ப இன்னொருத்தரைத் தனியாக் கேட்டுட்டுத்தான் எழுதறது. உங்க ஒரு காதை நம்பி ஒரு குருவிகூட எழுதலீங்க.”

ஒரு குருவிகூட இல்லை. அவமானம் காது மடல்வரை சுடச்சுட ஏறியது. ஏறிய வேகத்தில் அதன் பின்னாலேயே வேறொன்று வந்து அதை இடித்துத் தள்ளியது. பட்டியல் சுத்தமாக இருக்கிறது. பத்து வருடம் கழித்து வருகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். இவர் கொட்டிய குப்பையை ஒரு மனுஷி ஞாயிறு தவறாமல், ஒருத்தர் கண்ணிலும் படாமல், பின்னாலேயே வந்து கூட்டிப் பெருக்கியிருக்கிறார். அப்படி ஒரு நன்றி அவருக்குள் பொங்கியது, அதை எந்தக் கையால் எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அப்பறம் எதுக்குங்க ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டீங்க?”

டீச்சர் பென்சில் முனையை நகத்தால் சுரண்டினார். வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். “கேக்கறதை நிறுத்துனா நீங்க வர்றதை நிறுத்தீருவீங்கன்னுதான்” என்றார். “பன்னெண்டு வருஷமா கூட நிக்கறவருங்க. நீங்க இல்லாம நாங்க எப்பிடிங்க வட்டமா நிக்கறது?”

டாக்டர் தொண்டையைச் செருமினார். “அந்த ஷூவை நாந் தூக்கிப் போட்டுட்டனுங்க” என்றார் பரிதாபமாக. யாரோ சிரித்துவிட்டார்கள், அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள், குழந்தைவேலுவும் சிரித்தார். கண் கலங்கியது வெயிலால் என்று சொல்ல வழியில்லை, சூரியன் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. நஸ்ரீன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவரையே பார்த்தபடி, “பரவால்லை அங்கிள், விடுங்க. அடுத்த வருஷம் வரும்” என்றாள். தன் குருவியைத் தன் கையாலேயே திறந்து பறக்கவிடுகிற பெருந்தன்மை அந்தக் குரலில் இருந்தது, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“அடுத்த வருஷம் எதுக்குங்க?” என்றார் அவர். “இந்தப் பிள்ளை கேட்டிருக்குது. இன்னொரு அஞ்சு நிமிஷம் நின்னா என்ன கொறஞ்சு போகுது? இடது பக்கம் நாணலடியில, பூச்சி மாதிரி கிர்ர்ருன்னு இழுக்குமுங்க. பூச்சி விட்டு விட்டு இழுக்கும், இது தையல் மெஷின் ஓட்டற மாதிரி ஒரே இழுப்பு. அதை மட்டும் கேளுங்க.”

டீச்சர் மணியைப் பார்க்கவில்லை. அட்டையைக் கைப்பிடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். டாக்டர் மூடினார். ஒவ்வொருவராக மூடினார்கள், கடைசியாக நஸ்ரீன். குழந்தைவேலு மூடவில்லை. மூடி என்ன செய்யப்போகிறார், உள்ளே இருக்கிற சில்வண்டை இன்னொரு தரம் விசாரிக்கவா? பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக நிறுத்தத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிய இத்தனை முகங்களை அவர் பார்த்ததே இல்லை, ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டத்தை மீறாமல் அதை எப்படிப் பார்ப்பது? பேசும்போது இருக்கிற பட்டம், பதவி, வயசு எதுவும் அந்த முகங்களில் இல்லை. டாக்டரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. டீச்சரின் நெற்றியில் ஒரு நரம்பு ஓடியது. புத்தகம் புத்தகமாகப் பேசும் பேராசிரியர் தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தார். எல்லோரும் எதற்கோ வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், வருவது யார் என்று கூடத் தெரியாமல். காற்று நாணலைச் சாய்த்துவிட்டு நின்றது. நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. போய்விட்டதோ, ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டதோ என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. தனக்காக ஆமா சொல்ல நின்றபோதெல்லாம் அது இப்படி அடித்துக்கொண்டதில்லை.

அப்போது நஸ்ரீனின் கண்கள் மூடிய இமைக்குள் ஒரு தரம் புரண்டன. அவள் மூச்சை நிறுத்தினாள். அடுத்து டாக்டரின் புருவம் மேலே போயிற்று, போனது இறங்கவில்லை. அவர் பக்கத்தில் நின்ற ரிட்டையர்டு பேங்க் மேனேஜரின் மனைவி தலையை இடது பக்கம் சாய்த்தாள், மேனேஜரும் அவரை அடுத்து நின்ற கம்ப்யூட்டர்காரரும் சும்மா நின்றார்கள், அவர்களுக்கு விழவில்லை. பேராசிரியரின் விரல் கைப்பிடி மேல் அசைந்தது. அவருக்கு அடுத்தவர், அதற்கு அடுத்தவர். நாணலிலிருந்து கிளம்பிய ஒன்று வட்டத்தைச் சுற்றி ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு வருவதைக் குழந்தைவேலு பார்த்துக்கொண்டே நின்றார். யார் முகத்தை எப்போது தொட்டது, எவ்வளவு நேரம் நின்றது, எங்கே விட்டது, எங்கே மறுபடி பிடித்தது என்று அவ்வளவும் தெரிந்தது. கடைசியாக வசுமதி டீச்சரின் உதட்டோரத்தில் வந்து அது நின்றது. அந்த அம்மாளின் கண்டிப்பான முகம் அப்படிப் பூத்து அவர் பார்த்ததில்லை.

“டீச்சர்” என்றார், நிறுத்தத்தில் பேசக் கூடாது என்ற சட்டத்தை மறந்து. “எழுதிக்குங்க. ஒம்பது பேருக்குக் கேட்டுருச்சு.”

டீச்சர் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார். “உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?”

“நான் பாத்தனுங்க” என்றார் குழந்தைவேலு.